படியில்லாக் கியரும் மலைநாட்டுப் பாதையும்

மலைநாட்டிலே வண்டி செலுத்துபவருக்குக் கண் எவ்வளவு முக்கியமோ, காதும் அவ்வளவு முக்கியம். அட்டனிலிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்கு ஏறிவரும் பஸ்ஸின் முழக்கத்தைக் கேட்டே, அது எந்த வளைவில் வருகிறது, எத்தனையாம் கியரில் ஏறுகிறது என்று சொல்லிவிடக் கூடியவர்கள் தோட்டத்து லயங்களில் உண்டு. எஞ்சினின் ஒலி உயர்ந்தால் வேகம் கூடுகிறது. கியர் மாறும்போது ஒலி ஒரு கணம் தாழ்ந்து மறுபடியும் உயர்கிறது. ஒலியும் வேகமும் இணைந்து செல்லும் இந்த முறையிலேதான் நம் சாரதிகள் தலைமுறை தலைமுறையாகப் பயின்று வந்திருக்கிறார்கள்.

இந்த இணைப்பை அறுத்துவிட்ட ஒரு பொறி இப்போது நம் மலைப் பாதைகளில் தாராளமாக ஓடுகிறது. ஜப்பானில் சில காலம் ஓடியபின் இங்கு கொண்டுவரப்படும் சிறிய கார்கள் பலவற்றில் அது இருக்கிறது. ஜப்பானியரும் நம்மைப் போலவே வீதியின் இடது பக்கமாகச் செல்பவர்கள். ஆகையால் அவர்களுடைய வண்டிகள் எந்த மாற்றமுமின்றி நமக்குப் பொருந்துகின்றன. சுசுக்கி வாகன் ஆர், ரொயோட்டா விற்ஸ், ரொயோட்டா அக்சியோ என்னும் பெயர்களை அறியாதவர் இன்று குறைவு. 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் மீண்டும் தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளிலே ஏற்கெனவே வந்திருந்த வண்டிகளே நோயாளரை மருத்துவமனைக்கும், மாணவரைப் பரீட்சைக்கும், உறவினரைத் திருமண வீட்டுக்கும் ஏற்றி இறக்கின.

இவ்வண்டிகளைப் பற்றி மலைநாட்டில் இரண்டு முறைப்பாடுகள் கேட்கலாம். "ஏற்றத்திலே எஞ்சின் அலறுகிறது, வண்டியோ நகர மாட்டேன் என்கிறது" என்பது ஒன்று. "இறக்கத்திலே வண்டி பிடிபடாமல் ஓடுகிறது" என்பது மற்றொன்று. இவற்றுள் முதலாவது பெரும்பாலும் காதின் மயக்கம். இரண்டாவது மெய்யான ஆபத்து. இரண்டையும் பிரித்து அறிந்துகொள்வதற்கு அந்தப் பொறி எவ்வாறு வேலை செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

சாதாரண கியர்ப்பெட்டியைப் படிக்கட்டுக்கு ஒப்பிடலாம். ஐந்து கியர் உள்ள வண்டிக்கு ஐந்து படிகள். ஒரு படிக்கும் மறுபடிக்கும் இடையே கால் வைக்க இடமில்லை. சி.வி.ரி. எனப்படும் இப்பொறியிலே படிகளே இல்லை. அது ஒரு சரிவுப் பாதை. எந்த இடத்திலும் நிற்கலாம். எந்த இடத்திற்கும் நழுவிச் செல்லலாம்.

பழைய தேயிலைத் தொழிற்சாலைகளைக் கண்டவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. அங்கே கூரையோரமாக ஒரு நீண்ட தண்டு சுழலும். அதிலுள்ள கப்பிகளிலிருந்து பட்டிகள் இறங்கி, கொழுந்தை உருட்டும் இயந்திரங்களைச் சுழற்றும். சிறிய கப்பி பெரிய கப்பியைச் சுழற்றினால் வேகம் குறைந்து முறுக்குவிசை கூடும். பெரியது சிறியதைச் சுழற்றினால் வேகம் கூடி முறுக்குவிசை குறையும். அந்தக் கப்பிகள் சுழன்றுகொண்டிருக்கும்போதே பெரிதாகவும் சிறிதாகவும் மாறக்கூடியவையாக இருந்தால் எப்படியிருக்கும்? அதுவே சி.வி.ரி.

ஒவ்வொரு கப்பியும் முகத்துக்கு முகம் நோக்கிய இரண்டு கூம்புத் தட்டுகளால் ஆனது. தட்டுகள் நெருங்கினால் இடையிலுள்ள பட்டி வெளியே உந்தப்பட்டுப் பெரிய வட்டத்தில் ஓடும்; விலகினால் உள்ளே இறங்கிச் சிறிய வட்டத்தில் ஓடும். ஒரு கப்பி விரிய மற்றது சுருங்க, கியரின் விகிதம் சிறிதும் தடையின்றி மாறிக்கொண்டே இருக்கும். நம்மவர் ஸ்கூட்டி என்று அழைக்கும் கியரில்லாத சிறு வண்டியிலும் இருப்பது, இறப்பர்ப் பட்டியோடு கூடிய இதே அமைப்புத்தான்.

கார்களிலே இதனை வெற்றிகரமாகப் புகுத்தியவர்கள் ஒல்லாந்தர். டாஃப் நிறுவனத்தைச் சேர்ந்த ஹுப் வான் டோர்ன் அமைத்த இறப்பர்ப் பட்டிப் பொறி, 1958ஆம் ஆண்டில் காட்சிக்கு வந்த டாஃப் 600 என்னும் சிறிய காரில் இடம்பெற்றது. முன்னே செல்லும் அதே வேகத்தில் அது பின்னேயும் செல்லக்கூடியதாக இருந்தது. பின்னர் இறப்பருக்குப் பதிலாக உருக்குப் பட்டி வந்தது. மெல்லிய உருக்கு வளையங்களில் நூற்றுக்கணக்கான சிறு உருக்குத் துண்டுகளைக் கோத்து அமைத்தது அது. 1987ஆம் ஆண்டில் சுபாரு ஜஸ்ரி என்னும் ஜப்பானியக் கார் உருக்குப் பட்டியுடன் விற்பனைக்கு வந்தது. இன்று நம்மிடையே ஓடும் சி.வி.ரி. கார்கள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவையே.

இனி ஏற்றத்திற்கு வருவோம். சமதரையில் நிதானமாகச் செல்லும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 1500 முதல் 2000 சுற்றுகளில் அமைதியாக இருக்கும். ஏற்றம் வந்து சாரதி அக்சிலேற்றரை அழுத்தியதும், முதலில் எஞ்சினின் சுழற்சியே விரைவாக உயர்கிறது. வண்டியின் வேகம் சற்றுப் பிந்தியே கூடுகிறது. இறப்பரை இழுத்து விட்டாற்போன்ற உணர்வு இதனால்தான் உண்டாகிறது. அதன்பின் வண்டியின் வேகம் கூடினாலும் எஞ்சின் ஏறக்குறைய ஒரே சுருதியில் முழங்கிக்கொண்டிருக்கும். எஞ்சினுக்கு மிகுந்த வலு எந்தச் சுழற்சியில் உண்டோ, அந்தச் சுழற்சியிலேயே அதனை நிறுத்தி வைத்துக்கொண்டு, கப்பிகளை மட்டும் இப்பொறி மாற்றுகிறது.

கிளச் உள்ள வண்டியில் பழகிய சாரதிக்கு இது திகிலூட்டும். எஞ்சின் சுற்றியும் வேகம் கூடாவிட்டால் கிளச் தட்டுத் தேய்ந்து வழுக்குகிறது என்பதே அவர் கற்ற பாடம். அந்தப் பாடம் இங்கே செல்லாது. 660 கனசென்ரிமீற்றருக்கு மேற்படாத ஒரு சிறிய எஞ்சின், ஐந்து பேரைச் சுமந்துகொண்டு நுவரெலியாவின் 1868 மீற்றர் உயரத்தை நோக்கி ஏறும்போது, உரத்துப் பாடாமல் வேறென்ன செய்யும்? அச்சத்தினால் காலை எடுத்து எடுத்து மறுபடியும் மிதித்தால், கப்பிகள் முன்னும் பின்னும் அலைந்து வண்டி மேலும் சோர்வடையும். காலை ஒரே நிலையில் வைத்துப் பொறுமையாக ஏறுவதே முறை. மழையும் மூடுபனியும் உள்ள நாளில், கியர் மாறும் உலுக்கல் இன்றிச் சக்கரம் சீராகத் தரையைப் பற்றிச் செல்வது இப்பொறியின் சிறப்பாகும்.

இறக்கத்தின் கதை வேறு. பெற்றோலை மிச்சப்படுத்துவதே இப்பொறியின் இயல்பான நோக்கம். ஆதலால் கியர்க்கோல் "டி" என்னும் நிலையில் இருக்கையில் அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தால், பல வண்டிகளில் அது எஞ்சினைக் குறைந்த சுழற்சிக்கு இறக்கிவிடுகிறது. கிளச் வண்டியிலே இரண்டாம் கியரில் இறங்கும்போது எஞ்சின் பின்னே இழுத்துப் பிடிக்குமே, அந்தப் பிடிப்பு இங்கே மிகக் குறைவு. ஆகவே சாரதியின் கால் பிறேக்கிலேயே ஊன்றிக்கொள்கிறது.

அந்தப் பிறேக் எவ்வளவு சுமையைத் தாங்குகிறது என்று கணக்கிட்டுப் பார்ப்போம். ஆட்களுடன் 1200 கிலோகிராம் எடையுள்ள வண்டி செங்குத்தாக 100 மீற்றர் கீழிறங்கும்போது வெளிவிடும் சக்தி, 20 பாகை வெப்பமுள்ள மூன்றரை லீற்றர் தண்ணீரை 100 பாகைக்குச் சூடாக்கப் போதுமானது. நுவரெலியாவிலிருந்து லபுக்கலை, இறம்பொடை வழியாக இறங்குபவர் இப்படிப் பல நூறு மீற்றர்கள் இறங்குகிறார். காற்றும் வீதியும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். எஞ்சின் வாங்க மறுத்தால் எஞ்சியது முழுவதும் பிறேக்கில் வெப்பமாகச் சேரும். பிறேக் எண்ணெய் காலப்போக்கில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டொட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகையில் கொதிக்கும் எனில், ஈரம் சேர்ந்தபின் 140 பாகையிலேயே கொதிக்கக்கூடும். கொதித்து ஆவியானால், மிதிக்கும் கால் வெறுமையில் இறங்கும்.

இந்தச் சரிவுகள் மன்னிக்காதவை. 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்லைப் பகுதியில் பஸ்ஸும் வானும் முச்சக்கர வண்டியும் மோதி எழுவர் மாண்டனர். 2025 மே 11ஆம் திகதி இறம்பொடைக்கு அருகே கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவற்றுக்கும் சி.வி.ரி.க்கும் தொடர்பில்லை. எனினும், இந்தப் பாதைகளில் ஒரு தவறுக்கு என்ன விலை என்பதை அவை நமக்கு நினைவூட்டுகின்றன.

பரிகாரம் கியர்க்கோலிலேயே இருக்கிறது. "எல்", "எஸ்" அல்லது "பி" என்னும் ஆங்கில எழுத்துகளுள் ஒன்று அங்கே காணப்படும். சில வண்டிகளில் ஒரு பொத்தானாக இருக்கும். "பி" என நாம் உச்சரிப்பது ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்து. வண்டியை நிறுத்தி வைக்கும் "பார்க்" நிலையோடு அதனை மயங்கக் கூடாது. இறக்கம் தொடங்குமுன்பே, வேகம் குறைவாக இருக்கும்போதே, இந்த நிலைக்கு மாற்ற வேண்டும். எஞ்சின் முழங்கத் தொடங்கும், வண்டி அடங்கும். அந்த முழக்கத்தால் பெற்றோல் வீணாகிறது என்று எண்ண வேண்டாம். இக்கால எஞ்சின்களில், அக்சிலேற்றரை விட்டுவிட்டு இவ்வாறு இறங்கும்போது பெற்றோல் செலுத்துவதே நிறுத்தப்படுகிறது. மாறாக, மிச்சம் பிடிக்கும் எண்ணத்துடன் நியூற்றலில் இறங்குபவர், எஞ்சினை ஓடவைக்கப் பெற்றோலையும் செலவிட்டு, எஞ்சினின் பிடிப்பையும் இழக்கிறார்.

பிரியஸ், அக்குவா போன்ற கலப்பின வண்டிகளுக்கு ஒரு சொல். 1997ஆம் ஆண்டில் வந்த பிரியஸ் வகையில் பட்டியோ கூம்போ இல்லை. பற்சக்கரத் தொகுதியும் மின்மோட்டார்களும் சேர்ந்து அதே உணர்வைத் தருகின்றன. இறக்கத்தின் சக்தியை அவை மின்கலத்தில் சேமிக்கும். நெடிய இறக்கத்தில் மின்கலம் நிறைந்துவிட்டால் சேமிக்க இடமில்லை. அப்போது எஞ்சினைக் கொண்டு பிடிக்கச் செய்வதே அங்குள்ள "பி" நிலையின் பணி.

பராமரிப்பிலும் கவனம் வேண்டும். உருக்குப் பட்டி வழுக்காமல் இருப்பது, எண்ணெயின் அழுத்தத்தால் கூம்புகள் அதனை இறுகப் பிடித்திருப்பதனாலேயே. அதற்குரிய எண்ணெய் தனி வகையானது. வேறு கியர் எண்ணெயை ஊற்றினால் பட்டிக்கும் கூம்புக்கும் கேடு. மலைப் பாதையில் ஓடும் வண்டியைக் கடும் உபயோகத்துக்கு உட்பட்டதாகக் கருதி, எண்ணெயை முன்கூட்டியே மாற்றுவது நன்று. ஏற்றத்தில் வண்டி நிற்க நேர்ந்தால் அக்சிலேற்றரை மிதித்துத் தாங்கி நிறுத்தாமல் பிறேக்கினாலேயே நிறுத்த வேண்டும். மழைக்காலத்துத் தோட்டப் பாதையில் சக்கரம் சேற்றில் வீணே சுழன்றால், மிதித்து மிதித்து முயலாமல் நாலு பேரைக் கூட்டித் தள்ளச் செய்வதே பட்டிக்கு நல்லது.

பழைய வண்டியிலே கை கியரைத் தேர்ந்தெடுத்தது. அதனால் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வேறு வேறு கியர் வேண்டும் என்பது கைக்குத் தெரிந்திருந்தது. புதிய வண்டி கையின் வேலையை எடுத்துக்கொண்டுவிட்டது. ஆனால் முன்னே இருப்பது நெடிய இறக்கம் என்பதை அது தானாக அறியும் என்று நம்பியிருக்க முடியாது. ஏற்றத்தில் அதன் போக்கிலே விட்டுவிடலாம். இறக்கத்திலோ அதற்கு நாமே சொல்லியாக வேண்டும். ஏறும்போது எழும் முழக்கத்தைக் கேட்டு அஞ்சுவதை விட்டு, இறங்கும்போது அந்த முழக்கம் கேட்கவில்லையே என்று விழித்துக்கொள்வதே மலைநாட்டுச் சாரதி புதிதாகக் கற்கவேண்டிய பாடம்.