மண், சுண்ணாம்பு, கோரை: இயற்கையோடு இயைந்த வீட்டு அறைகள்

வீட்டின் உள்ளமைப்பில் இப்போது பலரும் நாடுவது எளிமை. பொய்க்கூரையும் பளபளக்கும் லேமினேட் அலமாரிகளும் நிறைந்த அறைகளுக்கு மாற்றாக, வெளிச்சம், காற்று, மண், மரம், நார் ஆகியவற்றை நம்பி அமைக்கும் அறைகள் பெருகி வருகின்றன. கட்டடக் கலைஞர்கள் இதை 'பயோஃபிலிக்' வடிவமைப்பு என்கிறார்கள். உயிர்களின்பால் மனிதருக்கு இயல்பான நாட்டம் உண்டு என்ற கருத்தை உயிரியலாளர் எட்வர்ட் வில்சன் 1984-இல் 'பயோஃபிலியா' என்ற நூலில் விரித்துரைத்தார். அதே ஆண்டில் ராஜர் உல்ரிச்சின் ஆய்வு வெளிவந்தது. பென்சில்வேனியா மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை சிகிச்சை பெற்றவர்களில், சன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிட விரைவில் வீடு திரும்பினர். கடுமையான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன.

இவ்வகை அமைப்பில் முதலிடம் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும்தான். எதிரெதிர்ச் சுவர்களில் சன்னல் இருந்தால் காற்று அறையைக் கடந்து செல்லும். தமிழகத்தில் மேற்கு வெயிலே அதிகம் சுடும். அந்தப் பக்கச் சன்னலுக்கு மூங்கில் தட்டியோ வெட்டிவேர்த் தட்டியோ போதும். வெட்டிவேரில் தண்ணீர் தெளித்தால், நீர் ஆவியாகும்போது உள்ளே வரும் காற்று குளிர்கிறது. பழைய வீடுகளின் முற்றம் இதே வேலையைப் பெரிய அளவில் செய்தது. இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960-களின் தொடக்கத்தில் கொழும்பில் கட்டிய ஏனா டி சில்வா வீட்டில், நகரத்துச் சிறு மனைக்குள்ளும் முற்றத்தை மீண்டும் கொண்டுவந்தார்.

தரைக்கு ஆத்தங்குடிக் கல் சிறந்த எடுத்துக்காட்டு. காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில் இது இன்றும் கையால் செய்யப்படுகிறது. கண்ணாடித் தகட்டின்மேல் அச்சு வைத்து வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமென்ட்டும் இட்டு அழுத்துகிறார்கள். பிறகு தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்துகிறார்கள். சூளை தேவையில்லை; கண்ணாடியின் வழவழப்பே கல்லின் மேற்பரப்பில் பதிகிறது. நடக்க நடக்க மெருகு கூடும். ஆனால் அமிலம் கலந்த கழுவுதிரவம் பட்டால் அரித்துவிடும். வெறுந்தண்ணீரில் துடைப்பதே நல்லது.

சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு. செட்டிநாட்டு வீடுகளில் நன்கு அரைத்த சுண்ணாம்பில் முட்டை வெண்கரு சேர்த்துப் பல அடுக்குகளாகப் பூசினார்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல இறுகுவது. அவசரப்பட்டால் வெடிப்பு விடும். அதன் நுண்துளைகள் வழியே ஈரம் வெளியேறும். காரத்தன்மை இருப்பதால் பூஞ்சை எளிதில் பிடிக்காது. இதன்மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் நுண்துளைகள் அடைபட்டு, அந்தப் பயன் போய்விடும்.

இருக்கைக்குப் பிரம்பும் பழைய தேக்கும், விரிப்புக்குக் கோரைப்பாயும் பொருந்தும். திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் கோரையை ஊறவைத்து, மிக மெல்லிய இழைகளாகக் கிழித்து, பட்டுப்போல் மடியும் பாயாக நெய்கிறார்கள். கோரை வெப்பத்தைத் தேக்காது. மழைக்காலத்தில் மட்டும் ஈரம் தங்காமல் உலர்த்திச் சுருட்டி வைக்க வேண்டும். பழைய மரம் வாங்கும்போது கரையான் அரித்திருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது அவசியம்.

செடிகளைப் பற்றிய நம்பிக்கை ஒன்றைத் திருத்திக்கொள்வது நல்லது. அறைச் செடிகள் காற்றைச் சுத்தம் செய்யும் என்ற பேச்சு 1989-இல் வெளியான நாசா ஆய்விலிருந்து பரவியது. அது மூடிய சிறு பெட்டிகளில் நடந்த சோதனை. சன்னல் திறப்பதற்கு ஈடாகச் செடிகள் வேலை செய்ய, ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை வேண்டும் என்று 2019-இல் வெளியான மறுஆய்வு காட்டியது. செடிகள் கண்ணுக்கும் மனதுக்கும் தரும் இதமே அவற்றை வளர்க்கப் போதுமான காரணம். குறைந்த வெளிச்சத்தில் மணி பிளான்ட்டும் பாம்புக் கற்றாழையும் தாக்குப்பிடிக்கும். இரண்டையும் மென்றால் வாயில் எரிச்சல் உண்டாகும் என்பதால், குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகாது.

வாடகை வீட்டில் தரையையும் சுவரையும் மாற்ற இயலாது. அங்கே சன்னலை அடைத்து நிற்கும் பொருள்களை அகற்றுவதும், கனத்த செயற்கைத் திரைக்குப் பதில் கைத்தறிப் பருத்தித் துணி தொங்கவிடுவதும், பாய் விரிப்பதும் குறைந்த செலவில் செய்யக்கூடியவை. சொந்த வீடு கட்டுவோர் சன்னல்களின் திசையையும் தரை, சுவர்ப் பூச்சுகளையும் வரைபடம் போடும்போதே முடிவு செய்துவிட வேண்டும். பின்னர் மாற்றுவதற்கு ஆகும் செலவு மிக அதிகம்.