துணி டயப்பர்: உறிஞ்சினால் மட்டும் போதுமா?

‘இரவு முழுவதும் தாங்கும்’ என்று அட்டையில் அச்சடித்திருப்பார்கள். எத்தனை கிலோ குழந்தைக்கு என்பது அதில் இருக்காது. கைக்குழந்தை தன் எடையில் கிலோ ஒன்றுக்கு மணிக்கு ஏறத்தாழ 2 மில்லி சிறுநீர் கழிக்கும் என்பது மருத்துவர்களின் தோராயக் கணக்கு. எட்டு கிலோ குழந்தை பத்து மணி நேரம் தூங்கினால் 160 மில்லி, கிட்டத்தட்ட ஒரு டம்ளர். பகலில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் ஒரு துணியில் சேர்வது 50 மில்லிக்குள் அடங்கிவிடும். பகல் தேவை வேறு, இரவுத் தேவை வேறு. ஒரே ரகத்தில் ஆறு வாங்கி வைத்துக்கொண்டு, ராத்திரியில் மட்டும் பாய் நனைகிறதே என்று அலுத்துக்கொள்ளும் வீடுகளில் பெரும்பாலும் சிக்கல் இங்கேதான்.

இப்போது கடைகளில் கிடைக்கும் துணி டயப்பரில் இரண்டு பகுதிகள் உண்டு. பூப்போட்ட வெளி உறை, பாலியஸ்டர் துணியின் பின்புறம் பாலியூரித்தேன் படலம் ஒட்டியது. அது ஒரு சொட்டுகூட உறிஞ்சாது, வெளியே விடாமல் தடுக்கும், அவ்வளவுதான். வேலை முழுவதும் உள்ளே செருகும் பட்டைக்கு, அதாவது இன்சர்ட்டுக்கு. விலை கேட்கும்போது உறையின் பொம்மையைப் பார்க்காமல் இன்சர்ட் எந்த நூலில் செய்தது, எத்தனை அடுக்கு என்று கேட்க வேண்டும்.

மலிவான இன்சர்ட் பெரும்பாலும் மைக்ரோஃபைபர். கார் துடைக்கும் டவல் போல பொசுபொசுவென்று இருக்கும். தண்ணீரைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும், சீக்கிரம் காயும். ஆனால் நீர் அதன் இழைகளுக்குள் போவதில்லை. இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில்தான் தங்குகிறது. அழுத்தினால் வெளியே வந்துவிடும். நம் வீடுகளில் குழந்தை எங்கே இருக்கிறது? ஒன்று, பாட்டியின் இடுப்பில். அல்லது தூளியில். இடுப்பில் உட்கார வைத்தால் தொடையிடுக்கில் அழுத்தம் விழும். புடவைத் தூளியிலோ குழந்தை வளைந்து கிடப்பதால் மொத்த எடையும் பின்புறத்தில் ஓரிடத்தில் இறங்கும். மெத்தைத் தொட்டிலில் நிமிர்ந்து படுத்திருக்கும்போது கசியாத அதே டயப்பர், தூளியில் போட்ட அரை மணியில் புடவையை நனைத்துவிடுவது இதனால்தான். மைக்ரோஃபைபரை நேரடியாகத் தோலில் படும்படி வைக்கவும் கூடாது, தோலின் ஈரத்தையும் உறிஞ்சி உலர்த்திவிடும்.

பருத்தி கொஞ்சம் நிதானமாக உறிஞ்சும். ஆனால் நீரை இழைக்குள்ளேயே வாங்கிக்கொள்வதால் அழுத்தினாலும் எளிதில் விடாது. சணலைப் போன்ற தண்டு நாரான ஹெம்ப் இன்னும் மெதுவானது, மெலிதாக இருந்துகொண்டே நிறையப் பிடிக்கும். அதைத் தனியாக வைத்தால், உறிஞ்சுவதற்கு முன்பே ஓரம் வழியாக ஒழுகிவிடும். மேலே ஒரு மைக்ரோஃபைபர் அல்லது பருத்தி, அடியில் ஹெம்ப் என்று வைத்தால் இரவைத் தாண்டலாம். ‘மூங்கில்’ என்று விற்பது பெரும்பாலும் மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து இழுத்த விஸ்கோஸ் நூல். மூங்கில் நார் என்றே இதை விற்ற நிறுவனங்கள் மீது 2009இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. உறிஞ்சுவதில் குறை சொல்ல முடியாது. ஆனால் பருத்தி நனைந்தால் வலுவாகும், விஸ்கோஸ் நனைந்தால் வலுவிழக்கும். துவைக்கிற கல்லில் அடித்துத் துவைக்கும் வீட்டில் அது நீண்ட நாள் உழைக்காது.

நல்ல துணி வாங்கியும் உறிஞ்சவில்லை என்றால், துணியைக் குறை சொல்வதற்கு முன் அதன் மேல் என்ன படிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். புதுப் பருத்தியில் இயற்கையான மெழுகும் கஞ்சிப் பசையும் இருக்கும். நாலைந்து முறை துவைத்த பிறகே அது முழுதாகக் குடிக்கத் தொடங்கும். போர் தண்ணீரில் சோப்புக் கட்டியைப் போட்டுத் துவைத்தால், தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் சோப்பும் சேர்ந்து கரையாத பிசுக்காகத் துணியில் ஒட்டிக்கொள்ளும். உப்புத் தண்ணீர் ஊரில் வாசனைக் கட்டியைவிட சாதாரண டிடர்ஜென்ட் தூள் மேல். துணியை மிருதுவாக்கும் திரவம் வேண்டவே வேண்டாம். இன்னொன்று, எண்ணெய்க் குளியல். தேங்காயெண்ணெயைத் தேய்த்துத் துடைக்காமல் அப்படியே டயப்பரை மாட்டினால் எண்ணெய் மேல்துணியில் இறங்கும், பிறகு நீர் உள்ளே போகாமல் வழுக்கி ஓடும். அரிப்புக்குப் போடும் துத்தநாகக் களிம்புக்கும் இது பொருந்தும்.

சோதிப்பது எளிது. காய்ந்த இன்சர்ட் மேல் ஸ்பூனால் தண்ணீர் விடுங்கள். முத்து முத்தாக நின்றால் படிவு இருக்கிறது. எவ்வளவு பிடிக்கும் என்று தெரிய, சமையலறைத் தராசில் காய்ந்த எடையைக் குறித்துக்கொண்டு, நனைத்து, சொட்டுவது நின்றபின் கையால் லேசாக அழுத்திவிட்டு மறுபடி நிறுத்துப் பாருங்கள். கூடுதலாக வரும் ஒவ்வொரு கிராமும் ஒரு மில்லி. மேலே சொன்ன கணக்கோடு ஒப்பிட்டால் அது இரவுக்கா பகலுக்கா என்பது தெரிந்துவிடும். அழுத்தாமல் நிறுத்தால் மைக்ரோஃபைபர்தான் ஜெயிக்கும், அதை நம்ப வேண்டாம்.

நிறையப் பிடிக்கும் துணி காய நாளாகும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஆறடுக்கு இன்சர்ட் இரண்டு நாளானாலும் நடுவில் ஈரமாகவே இருக்கும், முடைநாற்றமும் வரும். இந்த விஷயத்தில் பழைய நூல் வேட்டியை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. பல முறை துவைத்ததால் கஞ்சியும் மெழுகும் போயிருக்கும். நாலைந்தாக மடித்தால் பகலுக்குப் போதும். துவைத்துப் பிரித்துக் கொடியில் போட்டால் ஒற்றைத் துணியாக மின்விசிறிக் காற்றிலேயே காய்ந்துவிடும். அதை மடித்து உறைக்குள் வைப்பது பகலுக்கு, தைத்த பருத்தி அல்லது ஹெம்ப் இன்சர்ட் இரவுக்கு என்பதே என் பரிந்துரை. உறையை மட்டும் நேர் வெயிலிலும் கொதிநீரிலும் போடாதீர்கள், படலமும் எலாஸ்டிக்கும் போய்விடும்.

சுற்றுச்சூழலுக்காகத் துணிக்கு மாறுபவர்களுக்கு ஒரு தகவல். 2008இல் பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட ஆய்வில், இரண்டரை வருடத்துக்கு ஒரு குழந்தையின் டயப்பரால் உண்டாகும் கரிம உமிழ்வு, தூக்கியெறியும் டயப்பருக்குச் சுமார் 550 கிலோ, துணிக்குச் சுமார் 570 கிலோ என்று வந்தது. சலவை மெஷினையும் மின் உலர்த்தியையும் சராசரி அளவில் பயன்படுத்தினால் கணக்கு அப்படி. மெஷினை நிரப்பித் துவைத்து, கொடியில் உலர்த்தி, அடுத்த குழந்தைக்கும் பயன்படுத்தினால் துணியின் பங்கு வெகுவாகக் குறைகிறது என்றும் அதே ஆய்வு சொன்னது. மொட்டை மாடிக் கொடி இருக்கும் வீட்டுக்குப் பாதிக் கவலை தீர்ந்தது.

துணி என்பதால் தோல் சிவக்காது என்று நினைக்க வேண்டாம். எந்த டயப்பராக இருந்தாலும் மலம் பட்டால் உடனே, இல்லையென்றால் பகலில் இரண்டு மூன்று மணிக்கொருமுறை மாற்ற வேண்டும். சிவப்புத் திட்டைச் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், பவுடர் போட்டுப் பார்க்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.