அலங்காரக் கோழிக்குஞ்சுகளில் பாலினம் கண்டறிதல்

அலங்காரக் கோழிக்குஞ்சுகளில் பாலினம் கண்டறிதல் என்பது, அழகுக்காகவும் கண்காட்சிக்காகவும் வளர்க்கப்படும் கோழியினங்களின் குஞ்சுகளில் சேவல் எது, பெட்டை எது என இளம் வயதிலேயே பிரித்தறிவதாகும். பேச்சு வழக்கில் இவ்வினங்கள் பேன்சி கோழிகள் எனப்படுகின்றன. பொரிக்கும் குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி சேவல்களாக இருக்கும். பெரும்பாலான இனங்களில் இரு பாலும் அப்பருவத்தில் ஒன்றுபோலவே தோன்றும். எல்லா இனங்களுக்கும் பொருந்தும் புற அடையாளம் எதுவும் இல்லை. ஓர் இனத்தில் நம்பத்தக்க அடையாளம் மற்றோர் இனத்தில் தவறான முடிவைத் தரலாம்.

மரபியல் அடிப்படை

சேவலில் இரண்டு இசட் நிறப்புரிகள் உள்ளன. பெட்டையில் ஓர் இசட் நிறப்புரியும் ஒரு டபிள்யூ நிறப்புரியும் உள்ளன. எனவே குஞ்சின் பாலினத்தைத் தீர்மானிப்பது தாய்க்கோழியின் கருமுட்டையே ஆகும். முதலைகளில் நிகழ்வதுபோல அடைகாக்கும் வெப்பநிலை அதைத் தீர்மானிப்பதில்லை. இசட் நிறப்புரியிலுள்ள மரபணுக்கள் சேவலில் இரு படிகளாகவும் பெட்டையில் ஒரு படியாகவும் அமைவதே நிறம், சிறகு ஆகியவற்றைக் கொண்டு பாலினம் அறியும் முறைகளுக்கு அடிப்படையாகும்.

பொரித்தவுடன் அறியும் முறைகள்

எச்சத்துளை முறை: குஞ்சின் எச்சத்துளையை மெல்ல விரித்து, உள்ளிருக்கும் சிறு புடைப்பின் வடிவத்தைக் கொண்டு பாலினத்தை அறிவர். இம்முறை 1920களில் சப்பானில் உருவானது. கியோஷி மசூயி, ஜூரோ ஹாஷிமோட்டோ ஆகியோர் இதுபற்றி எழுதிய ஆங்கில நூல் 1933 இல் வெளியானது. நீண்ட பயிற்சி இல்லாதோர் முயன்றால் குஞ்சு காயமடையக்கூடும்.

நிற முறை: வரியிட்ட பிளைமவுத் ராக் இனத்தில் இறகு வரியை உண்டாக்கும் மரபணு இசட் நிறப்புரியில் உள்ளது. சேவல் குஞ்சின் தலையிலுள்ள வெண்புள்ளி பெரிதாகவும் ஓரம் தெளிவற்றும் இருக்கும். பெட்டையில் அது சிறியதாக இருக்கும். இம்மரபணுவைப் பயன்படுத்தி இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ரெஜினால்ட் பன்னெட், மைக்கேல் பீஸ் ஆகியோர் கேம்பார், லெக்பார் ஆகிய இனங்களை உருவாக்கினர். லெக்பார் பெட்டைக் குஞ்சின் முதுகில் அடர்நிறக் கோடு தெளிவாகத் தெரியும். சேவல் குஞ்சு வெளிறிக் காணப்படும்.

சிறகு முறை: விரைவாகச் சிறகு முளைக்கும் சேவலையும் மெதுவாகச் சிறகு முளைக்கும் பெட்டையையும் இணைத்தால், பெட்டைக் குஞ்சுகளுக்குச் சிறகு விரைவாகவும் சேவல் குஞ்சுகளுக்கு மெதுவாகவும் முளைக்கும். பெற்றோர் இவ்வாறு தேர்ந்தெடுக்கப்படாவிடில் சிறகின் நீளத்தைக் கொண்டு பாலினத்தைக் கூற இயலாது.

வளரும் குஞ்சுகளில்

ஒற்றைக் கொண்டை உடைய இனங்களில், சில வாரங்களில் சேவல்களின் கொண்டையும் தாடியும் பெட்டைகளினுடையதைவிடப் பெரிதாகிச் சிவக்கத் தொடங்கும். ஏறத்தாழ மூன்று மாதங்களில், வாலை ஒட்டிய முதுகுப் பகுதியில் சேவலுக்கு நீண்டு கூர்மையான இறகுகள் முளைக்கும். அதே இடத்தில் பெட்டையின் இறகுகள் நுனி வட்டமாக இருக்கும். ஒரே இனத்தில், ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளுக்குக் கால் வளையமிட்டு ஒப்பிடுவதே பிழையைக் குறைக்கும்.

விலக்கான இனங்கள்

* சில்கி: இதன் தோலும் கொண்டையும் கருமையானவை, ஆதலால் கொண்டை சிவப்பதை அடையாளமாகக் கொள்ள இயலாது. இறகுகள் பஞ்சு போன்றவை என்பதால் அவற்றின் கூர்மையும் புலப்படாது. பெட்டையின் குடுமி உருண்டையாகவும், சேவலின் குடுமி பின்னோக்கி நீளும் இழைகளுடனும் அமையும். இது தெளிவாகப் பல மாதங்கள் ஆகலாம்.
* போலிஷ்: சேவலின் குடுமி இறகுகள் குறுகிக் கூர்மையாக இருக்கும், பெட்டையினுடையவை அகன்று வட்டமாக இருக்கும்.
* சீபிரைட்: இதன் சேவலுக்கும் பெட்டையைப் போன்ற வட்ட இறகுகளே முளைக்கும். தோலில் ஆண் இயக்குநீரைப் பெண் இயக்குநீராக மாற்றும் நொதி மிகுதியாக உருவாவதே இதற்குக் காரணம். எனவே இவ்வினத்தில் கொண்டை, தாடி ஆகியவற்றின் வளர்ச்சியையே கவனிக்க வேண்டும்.

தவறான நம்பிக்கைகள்

கூரான முட்டையிலிருந்து சேவலும் உருண்டை முட்டையிலிருந்து பெட்டையும் வரும் என்பது பழைய நம்பிக்கை. முட்டையின் வடிவம் தாயின் முட்டைக்குழாயில் உருவாகிறது. அதற்கும் கருவின் பாலினத்துக்கும் தொடர்பில்லை. குஞ்சின் மேல் நூலில் கட்டிய மோதிரத்தைத் தொங்கவிட்டு அறிவதும் இத்தகையதே.

முக்கியத்துவம்

முட்டைத் தொழிலில் சேவல் குஞ்சுகள் பயனற்றவையாகக் கருதப்பட்டுப் பொரித்த நாளிலேயே கொல்லப்பட்டு வந்தன. செருமனி இதனை 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து தடை செய்தது. முட்டைக்குள்ளேயே பாலினம் அறியும் கருவிகள் பெரிய பொரிப்பகங்களுக்கு உரியவை. சிறு அளவில் வளர்ப்போர் இறகு அல்லது குருதித்துளியைக் கொண்டு டி.என்.ஏ. சோதனை செய்து பாலினத்தை அறியலாம். அச்சோதனை இல்லாத நிலையில், பெட்டை என அவசரப்பட்டு விற்கப்படும் குஞ்சு சேவலாகிவிட்டால், கூவும் ஒலியாலும் சேவல்களின் சண்டையாலும் அது மீண்டும் மீண்டும் கைமாறவோ கைவிடப்படவோ நேரிடும். ஆதலால் வெளிப்படையான அடையாளமற்ற இனங்களின் குஞ்சுகளைப் பாலினம் அறியாதவை எனக் குறிப்பிட்டு விற்பதே முறையாகும்.