சிறிய பெட்டிக்குள் மனிதக் குரல்

இசையரங்கிலிருந்தோ விளையாட்டுத் திடலிலிருந்தோ வானொலி நேரடியாக ஒலிபரப்பும்போது, வாசலில் ஒரு வேன் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதனுள் அமர்ந்திருக்கும் ஒலிப் பொறியாளர், ஒலிவாங்கிகளிலிருந்து வரும் ஒலியைக் கேட்டுச் சரிசெய்து அனுப்புவார். அறிவிப்பாளரின் குரல் கரகரக்கிறதா, பின்னணியில் இரைச்சல் இருக்கிறதா என்பதை அவருடைய காது உடனே கண்டுபிடிக்க வேண்டும். அவர் கேட்கும் ஒலிபெருக்கியே பொய் சொன்னால் என்ன ஆகும்? ஒலிபெருக்கி குரலைத் தடித்துக் காட்டினால், குரலே தடித்திருப்பதாக எண்ணி அவர் அதை மெலியச் செய்வார். வீட்டில் வானொலி கேட்பவருக்கோ மெலிந்த குரல்தான் போய்ச் சேரும்.

பிரிட்டனின் பிபிசி நிறுவனம் இச்சிக்கலை 1970களின் தொடக்கத்தில் எதிர்கொண்டது. அதன் ஒலிப்பதிவுக் கூடங்களில் நம்பகமான பெரிய ஒலிபெருக்கிகள் இருந்தன. ஆனால், அவற்றை வேனுக்குள் வைக்க இடமில்லை. காதணி ஒலிபெருக்கியில் கேட்டால், ஒலிகள் அறையில் எப்படிப் பரவி ஒலிக்கும் என்பதைச் சரியாக மதிப்பிட முடியாது. இதற்குத் தீர்வாக உருவானதுதான் எல்எஸ் 3/5ஏ என்னும் சிறிய ஒலிபெருக்கி. ஒலிப்பதிவுக் கூடங்களைக் கட்டுவதற்கு முன், அவற்றின் சிறிய மாதிரிகளைச் செய்து ஒலி எப்படிப் பரவுகிறது என்று பிபிசி ஆய்வாளர்கள் சோதித்துவந்தனர். அந்த ஆய்வுக்காகச் செய்த சிற்றொலிபெருக்கி எதிர்பார்த்ததைவிட நன்றாக ஒலித்தது. அதிலிருந்து பிறந்ததே இந்த வடிவமைப்பு. உயரம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர், அகலம் 19 சென்டிமீட்டர், ஆழம் 16 சென்டிமீட்டர். நான்கைந்து அகராதிகளை அடுக்கி வைத்தால் வரும் அளவு அவ்வளவுதான்.

பெட்டியைச் சிறிதாக்குவதில் என்ன கடினம் இருக்கிறது? ஒலிபெருக்கி வேலை செய்யும் முறையை அறிந்தால் இது விளங்கும். ஒரு கூம்பின் அடியில் கம்பிச் சுருள் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். அச்சுருள் காந்தத்தின் நடுவே தொங்கும். மின்னோட்டம் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் அசையும். அதனுடன் கூம்பும் அசைந்து காற்றைத் தள்ளும். அதுவே ஒலி. உயர்ந்த ஒலிகளுக்குச் சிறிய அசைவே போதும். தாழ்ந்த ஒலிகளுக்கோ நிறைய காற்றைத் தள்ள வேண்டும். அதிர்வெண் பாதியாகக் குறைந்தால், அதே உரப்பை எழுப்பக் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். 200 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அரை மில்லிமீட்டர் அசையும் கூம்பு, 50 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 8 மில்லிமீட்டர் அசைய வேண்டியிருக்கும். சிறிய கூம்பு அவ்வளவு தூரம் சென்றுவருவது எளிதன்று.

கூம்பை ஏன் பெட்டிக்குள் வைக்கிறோம் என்றும் கேட்கலாம். கூம்பு முன்னே காற்றை அழுத்தும் அதே நொடியில், பின்னே காற்றை இளக்குகிறது. இவ்விரண்டும் கலந்தால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். ஆகவே, பின்பக்க ஒலியைப் பெட்டி சிறைவைக்கிறது. ஆனால், சிறைவைத்த காற்று சும்மா இருப்பதில்லை. வாய் மூடிய ஊசிக்குழலின் தண்டைப் போல, கூம்பைத் திருப்பித் தள்ளுகிறது. அமெரிக்கரான எட்கர் வில்ச்சர் 1954ஆம் ஆண்டில் இதையே நன்மையாக மாற்றினார். காற்றுப்புகாத பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே கூம்பின் சுருள்வில்லாகப் பயன்படுத்தினார். அதுவரை ஆளுயரப் பெட்டிகள் தந்த ஆழ்ந்த ஒலியை, அலமாரியில் வைக்கத்தக்க பெட்டியும் தந்தது. வீட்டு அலமாரிக்கு ஒலிபெருக்கி வந்து சேர்ந்த வரலாறு பெரிதும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

அந்த நன்மைக்கும் ஒரு விலை இருந்தது. அதனைத் தெளிவாகச் சொன்னவர் அன்டன் ஹாஃப்மன் என்னும் மற்றோர் அமெரிக்கர். சிறிய பெட்டி, ஆழ்ந்த தாழ்ந்த ஒலி, குறைந்த மின்திறனில் மிகுந்த உரப்பு ஆகிய மூன்றையும் ஒருசேரப் பெற முடியாது. ஏதேனும் இரண்டைத்தான் தேர்ந்தெடுக்கலாம். ஒலிபெருக்கி வடிவமைப்பாளர்கள் இதனை ‘ஹாஃப்மனின் இரும்பு விதி’ என்பர். இந்த விதி எவ்வளவு கடுமையானது என்பதை ஒரு கணக்கு காட்டும். 5 லிட்டர் கொள்ளளவுள்ள பெட்டி 80 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். உரப்பு குறையாமல் அது 40 ஹெர்ட்ஸ் வரை இறங்க வேண்டுமானால், பெட்டி 40 லிட்டர் ஆக வேண்டும். பெட்டியைப் பெரிதாக்க மாட்டோம் என்றால், அதே மின்திறனில் கிடைக்கும் ஒலியாற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடும். கையளவுப் பெட்டியில் இடிமுழக்கம் என்று விளம்பரம் செய்யும் கடைக்காரர் இந்த விதியை மறைக்கிறார் என்றே நான் கருதுகிறேன்.

எனவே, சிறிய ஒலிபெருக்கியை வடிவமைப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எதைச் சேர்ப்பது என்பதன்று. எதை விட்டுக்கொடுப்பது என்பதே. பிபிசி பொறியாளர்கள் இரண்டை விட்டுக்கொடுத்தனர். வேனில் ஒரு கை நீட்டும் தொலைவிலேயே கேட்கப்போவதால் பேருரப்பு தேவையில்லை. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஆழ்ந்த ஒலிகளையும் விட்டுவிடலாம். விட்டுக்கொடுக்க மறுத்தது மனிதக் குரலை. ஆண்குரலின் அடிப்படை அதிர்வெண் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸை ஒட்டியும், பெண்குரலினது 200 ஹெர்ட்ஸை ஒட்டியும் அமைகின்றன. ஸகரம் போன்ற உரசொலிகள் பல ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை செல்கின்றன. இந்த எல்லைக்குள் எந்தப் பகுதியும் தேவையின்றித் தூக்கலாகவோ அமுங்கியோ ஒலிக்கக் கூடாது.

இங்கே நம் மூளையும் உதவிக்கு வருகிறது. பழைய தொலைபேசி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலிகளை அனுப்பாது. எனினும், அப்பாவின் குரலை நாம் அதில் அப்பாவின் குரலாகவே கேட்டோம். மேலே உள்ள துணையொலிகளைக் கொண்டு, வராத அடியொலியை மூளையே ஊகித்துக்கொள்கிறது. சிறிய ஒலிபெருக்கியில் ஆழ்ந்த இசைக்கருவிகளை நம்மால் அடையாளம் காண முடிவதற்கும் இதுவே காரணம். எல்எஸ் 3/5ஏ ஒலிபெருக்கியில் 100 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே ஒலி இலேசாக உயர்ந்திருக்கும். ஆழ்ந்த ஒலி இல்லாத குறை தெரியாதிருக்க அது உதவுகிறது. அதுவும் ஒரு சிறு பொய்தானே என்று கேட்டால், ஆம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இனி, பெட்டியின் சுவருக்கு வருவோம். வீணையின் குடம் பலாமரத்தைக் குடைந்து செய்யப்படுகிறது. தந்தி அதிரும்போது குடமும் சேர்ந்து அதிர்ந்தால்தான் நாதம் பிறக்கும். ஒலிபெருக்கிப் பெட்டிக்கு வேண்டியது இதற்கு நேர்மாறான குணம். ஒலிபெருக்கி தன் நாதத்தைச் சேர்த்தால், எந்தப் பாடகர் பாடினாலும் பெட்டிக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருக்கும். சுவரைக் கனமாக்கினால் போதும் என்று பலர் நினைப்பர். பிபிசி ஆய்வாளர்கள் வேறு வழியில் சென்றனர். 12 மில்லிமீட்டர் தடிப்புள்ள பிர்ச் மர ஒட்டுப்பலகையை எடுத்து, உட்புறத்தில் தார் கலந்த தகடுகளைப் பதித்தனர். கனத்த சுவரின் அதிர்வு குரலின் எல்லைக்குள்ளேயே நின்று காதை உறுத்தக்கூடும். மெல்லிய சுவரோ தாழ்ந்த அதிர்வெண்ணில் அதிர முயல்கிறது. அந்த அதிர்வையும் தார் விழுங்கிவிடுகிறது. பெட்டியின் மேல் விரல் முட்டியால் தட்டினால் ‘டங்’ என்று கேட்காமல் ‘தொப்’ என்று கேட்க வேண்டும்.

மற்ற பகுதிகளிலும் இதே கவனத்தைக் காணலாம். தாழ்ந்த ஒலிக்கு ஒரு கூம்பு, உயர்ந்த ஒலிக்கு 19 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு குமிழ். இரண்டுக்கும் ஒலியைப் பங்கிட்டுக் கொடுக்கும் மின்சுற்று, ஏறத்தாழ 3,000 ஹெர்ட்ஸில் எல்லை வகுக்கிறது. ஈரப்பதத்தால் இயல்பு மாறக்கூடிய காகிதக் கூம்புக்கு மாற்றாக ஒருவகை நெகிழிக் கூம்பு பயன்பட்டது. பெட்டியின் விளிம்புகளில் உயர்ந்த ஒலி மோதிச் சிதறாதிருக்கக் குமிழைச் சுற்றிக் கம்பளிப் பட்டைகள் ஒட்டப்பட்டன.

வடிவமைப்பு முடிந்த பிறகும் ஒரு கடமை எஞ்சியிருந்தது. ஒரு வேனில் கேட்ட குரலும் மற்றொரு வேனில் கேட்ட குரலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். இல்லையென்றால் பொறியாளர்கள் ஒருவர் சொல்வதை மற்றவர் நம்ப முடியாது. 1970களின் நடுப்பகுதியிலிருந்து, பிபிசியின் உரிமம் பெற்ற பல நிறுவனங்கள் இதைத் தயாரித்தன. ஒவ்வொன்றும் குறித்த அளவுகளுக்குள் அடங்க வேண்டும் என்பது விதி. ஆண்டுகள் செல்லச்செல்ல, கூம்பின் இயல்பு தயாரிப்பில் மெல்ல விலகத் தொடங்கியது. 1980களின் இறுதியில் மின்சுற்றை மீண்டும் வடிவமைத்துப் பழைய ஒலிக்கே திருப்பிக் கொண்டுவந்தனர். புதிதாக ஒன்றைச் செய்வதைவிட இது கடினமான பணி.

வேனுக்காகச் செய்த இப்பெட்டியை, வீட்டில் அமைதியாகப் பாட்டும் பேச்சும் கேட்போர் விரும்பி வாங்கினர். அடுக்குமாடி வீடுகளில் வாழ்வோருக்கு அதன் குறையே ஒருவகையில் வசதி. சுவரைத் தாண்டி அண்டைவீட்டாரின் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் ஆழ்ந்த ஒலிதான். ஆனால், அலமாரி ஒலிபெருக்கி என்ற பெயரை நம்பி, புத்தகங்களுக்கிடையே சுவரோடு ஒட்டித் திணித்துவிடக் கூடாது. பின்சுவர் தாழ்ந்த ஒலிகளைத் திருப்பி அனுப்பி அவற்றைத் தடிக்கச் செய்யும். ஆண்குரல் மூக்கடைத்ததுபோல் கேட்கும். உயர்ந்த ஒலியைத் தரும் குமிழ், அமர்ந்திருப்பவரின் காது உயரத்தில் இருக்க வேண்டும். பெட்டியைச் சுவரிலிருந்து சிறிது சிறிதாக முன்னே இழுத்து, ஒவ்வொரு முறையும் நமக்கு நன்கு பழக்கமான ஒருவரின் பேச்சை ஒலிக்கவிட்டுக் கேட்க வேண்டும். அவர் எதிரில் அமர்ந்து பேசுவதுபோல் எந்த இடத்தில் தோன்றுகிறதோ, அங்கேயே பெட்டியை விட்டுவிடலாம்.