புறப்படுமுன் குடி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கலாசாலை மாணாக்கரிடையே ஒரு விபரீத வழக்கம் வேரூன்றியிருக்கிறது. நடன விருந்துக்கோ பந்தாட்டத்துக்கோ புறப்படுமுன், விடுதி அறையைத் தாளிட்டுக்கொண்டு அவசர அவசரமாய்க் குடித்துவிட்டே கிளம்புகிறார்கள். ஒரு கிண்ணத்திலுள்ள சுமார் 14 கிராம் சாராயச் சத்தைக் கழிக்கக் கல்லீரலுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேண்டும். அரைமணியில் நான்கு கிண்ணம் விழுங்கியவன் வாசலை நிதானமாகவே தாண்டுகிறான்; வெறி முழுதும் தலைக்கேறுவதோ பிறகு, வழியிலும் விருந்திலுமாம்!

21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கலாகாதென்ற நிலையை 1984-ஆம் வருஷத்துச் சட்டம் நாடெங்கும் உண்டாக்கிற்று. இதுவே திருட்டுக் குடியை வளர்க்கிறதென்று 2008-ல் நூற்றுக்கு மேற்பட்ட கலாசாலைத் தலைவர்கள் முறையிட்டு, மறுவிவாதம் கோரினர். கற்றறிந்த அக்கனவான்களின் வாதம் நமக்குச் சம்மதமன்று. பிரிட்டனில் 18 வயதிலேயே மது வாங்கலாம். அங்கும் மாணாக்கர் அறையில் குடித்துவிட்டே கிளம்புகின்றனர். காரணம் வயதன்று, விலை. மதுச்சாலையில் ஒரு கிண்ணத்துக்குக் கொடுப்பதைக் கொண்டு அங்காடியில் பல கிண்ணத்துக்கு வாங்கிவிடலாம். ஸ்காட்லாந்து சர்க்கார் இதையறிந்தே 2018 முதல் மதுவுக்குக் குறைந்தபட்ச விலை விதித்து, 2024-ல் அதை உயர்த்தியும் இருக்கின்றனர்.