அரண்ட மனதுக்கு ஒரு கேள்வி

சென்ற ஆண்டு ஜனவரியில் ஒரு மாலை. கரோல்பாக்கில் வசிக்கும் என் தங்கையின் மகள், பத்தாம் வகுப்பு மாணவி, ப்ரீ-போர்டு கணக்குத் தாளுடன் வந்து உட்கார்ந்தாள். 80-க்கு 41. "நான் எதுக்குமே லாயக்கில்லை பெரியம்மா. போர்டுலயும் ஃபெயில்தான். க்ளாஸ்ல எல்லாரும் சிரிக்கிறாங்க" என்றாள்.

"சீ, அப்படியெல்லாம் பேசாதே!" என்றேன். நம்மில் பலரும் சொல்வது அதைத்தான். பேச்சு நின்றது; எண்ணம் நிற்கவில்லை. அடுத்த இரண்டு நாள் அவள் பள்ளிக்கே போகவில்லை. அதன் பிறகுதான் இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

ஃபிலடெல்ஃபியா நகரின் மனநல மருத்துவர் ஆரன் பெக் (1921–2021), மனச்சோர்வுற்றவர்களை 1960-களில் கூர்ந்து கவனித்தார். நடந்த நிகழ்ச்சியைவிட, அதைப் பற்றித் தானாக எழும் எண்ணமே அவர்களை அதிகம் வாட்டுவதைக் கண்டார். அந்த எண்ணத்தைப் பிடித்து நிறுத்தி, உண்மைதானா என்று சோதிக்கும் சிகிச்சைமுறையை உருவாக்கினார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் பாட்டிமார் சொன்னதும் ஏறத்தாழ இதுதானே!

அவள் சொன்ன மூன்று வாக்கியங்களிலும் மூன்று பொறிகள் இருந்தன. ஒரு தாளை வைத்துத் தன்னையே தள்ளிவிடுவது ஒன்று. வராத தேர்வின் முடிவை இன்றே எழுதுவது இரண்டு. பிறர் மனதைப் படித்துவிட்டதாக நம்புவது மூன்று.

ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு போட்டோம். இந்தப் பக்கம் எண்ணத்துக்கு ஆதாரம், அந்தப் பக்கம் எதிரான ஆதாரம். எழுதியவள் அவளே. தேர்ச்சிக்கு 33 சதவீதம் போதும். அவள் வாங்கியது 51. இழந்த 39 மதிப்பெண்ணில் 18, முக்கோணவியலிலும் அளவியலிலும். சிரித்தவர்கள் இரண்டே பேர். கடைசியில், "ரெண்டு பாடம் எனக்கு வரலை, இன்னும் ஒரு மாசம் இருக்கு" என்று எழுதினாள். இது வெறும் ஆறுதல் அல்ல, கணக்கு.

"ஊர்ல கேட்டா என்ன பதில் சொல்றது?" என்று என் தங்கை புலம்பினாளே, அதுவும் மூன்றாவது பொறிதான். பிள்ளைகள் நம்மிடமிருந்தும் கற்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டாலோ, வாழப் பிடிக்கவில்லை என்று பிள்ளை சொன்னாலோ, நோட்டும் வாதமும் போதாது. தனியே விடாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் (14416) எண்ணில் தமிழிலும் இலவசமாகப் பேசலாம்.

மே மாதம் வந்த மதிப்பெண்ணை எழுதக் கூடாதென்பது அவள் உத்தரவு. அண்மையில் நான், "இந்தக் காலத்துப் பிள்ளைகள் யாருமே பெரியவங்க பேச்சைக் கேக்கறதில்லை" என்று அலுத்துக்கொண்டேன். "யாருமேவா பெரியம்மா? ஆதாரம் என்ன?" என்று நோட்டை நீட்டினாள்!