கிரேப்புரூட் – மருந்து இடைவினை

கிரேப்புரூட் – மருந்து இடைவினை என்பது, கிரேப்புரூட் பழத்தையோ அதன் சாற்றையோ உட்கொள்வதால் வாய்வழி உட்கொள்ளும் சில மருந்துகளின் அளவு இரத்தத்தில் மாறுபடுவதைக் குறிக்கும். மருந்துகளைச் சிதைக்கும் சிறுகுடல் நொதியம் ஒன்றை இப்பழச்சாறு முடக்குவதே இதன் முதன்மைக் காரணம் ஆகும். தமிழகத்தில் வீட்டுத்தோட்டங்களில் வளர்க்கப்படும் பம்பளிமாஸ் பழத்துக்கும் இத்தன்மை உண்டு.

பெயர்

பெயரில் 'கிரேப்' என்ற சொல் இருப்பினும், இது திராட்சை அன்று. காய்கள் திராட்சைக்குலை போலக் கொத்தாகக் காய்ப்பதால் இப்பெயர் வந்ததாகக் கருதப்படுகிறது. இது பம்பளிமாசும் இனிப்பு ஆரஞ்சும் கலந்து தோன்றிய கலப்பினம். எனவே மருந்துக் குறிப்பில் இப்பெயரைக் காண்போர் திராட்சையைத் தவிர்த்துவிட்டு, பம்பளிமாசை உண்பது பிழையாகும்.

கண்டுபிடிப்பு

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்திலுள்ள இலண்டன் நகரில், டேவிட் பெய்லி குழுவினர் பெலோடிபின் என்ற இரத்த அழுத்த மருந்தின்மீது மதுவின் விளைவை ஆராய்ந்தனர். மதுவின் சுவையை மறைக்கக் கிரேப்புரூட் சாறு பயன்பட்டது. மது கலவாத சாற்றைப் பருகியோரிடத்தும் மருந்தின் அளவு மிகுந்திருந்தது. இது 1989இல் வெளியானது. 1991இல் வெளியான ஆய்வில், நீருடன் உட்கொண்டதைவிடச் சாற்றுடன் உட்கொண்டபோது மருந்தின் அளவு சராசரியாக 2.8 மடங்கு இருந்தது.

செயல்முறை

சைட்டோகுரோம் பி450 3ஏ4 என்ற நொதியம் கல்லீரலிலும் சிறுகுடல் சுவரிலும் உள்ளது. விழுங்கிய மருந்தின் ஒரு பகுதியை இது இரத்தத்தில் கலக்குமுன்பே சிதைத்துவிடும். பெலோடிபின் மருந்தில் சுமார் 15% மட்டுமே இரத்த ஓட்டத்தை அடைகிறது. மருத்துவர் பரிந்துரைக்கும் அளவு இவ்விழப்பையும் கணக்கிட்டதே.

பழத்திலுள்ள பெர்கமோட்டின் முதலிய பியூரனோகூமரின்கள் சிறுகுடல் நொதியத்தை மீளாவகையில் முடக்குகின்றன. புதிய நொதியம் உருவாகும்வரை, வழக்கமான ஒரு மாத்திரையே மிகையளவாக மாறக்கூடும். ஒரு குவளைச் சாற்றின் விளைவே 24 மணி நேரத்துக்கு மேல் நீடிக்கலாம். ஆகவே காலையில் சாற்றைப் பருகி இரவில் மாத்திரை உட்கொள்வது பாதுகாப்பாகாது. ஊசி வழி சிரையில் செலுத்தும் மருந்துகள் குடலைக் கடப்பதில்லையாதலால் பெரிதும் பாதிக்கப்படுவதில்லை.

பாதிக்கப்படும் மருந்துகள்

* சிம்வாஸ்டாட்டின், லோவாஸ்டாட்டின் (கொழுப்புக் குறைப்பு): தசைச் சிதைவும் அதனால் சிறுநீரகப் பாதிப்பும் ஏற்படலாம். பிரவாஸ்டாட்டின் பெரிதும் பாதிக்கப்படுவதில்லை.
* பெலோடிபின்: இரத்த அழுத்தம் மிகவும் தாழலாம்.
* சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் (உறுப்பு மாற்று): நச்சு விளைவுகள் தோன்றலாம். பம்பளிமாஸ் உண்ட சிறுநீரக மாற்று நோயாளி ஒருவரின் இரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு உயர்ந்தமை பதிவாகியுள்ளது.

மாறாக, ஒவ்வாமைக்கான பெக்ஸோபெனடின் மருந்தின் அளவு குறைகிறது. அதைக் குடலிலிருந்து உள்ளே கடத்தும் புரதத்தைச் சாறு தடுப்பதே காரணம். ஆரஞ்சு, ஆப்பிள் சாறுகளும் இவ்வாறு செய்கின்றன.

தவிர்ப்பு

இடைவினை அறியப்பட்ட மருந்தை உட்கொள்வோர் இப்பழங்களை முழுமையாகத் தவிர்ப்பதே பொதுவான அறிவுரை. பழம் உண்பதற்காக மருந்தைத் தாமாக நிறுத்துதல் கூடாது. மாற்று மருந்து உண்டா என்பதை மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டறியலாம்.